பழைய கப்பலும் புதிய கொடியும்

2024-ம் வருஷம் நவம்பர் மாதம் 30-ந் தேதி நமது பாதுகாப்பு இலாகாவினர் கொச்சிக் கப்பல் கட்டும் கம்பெனியாருடன் ஓர் உடன்படிக்கை செய்து கொண்டனர். ‘விக்ரமாதித்யா’ என்னும் விமானந்தாங்கிக் கப்பலை உலர்துறையில் ஏற்றிப் பழுது பார்ப்பதற்கு 1,207 கோடியே 50 லட்சம் ரூபாய் கொடுப்பது என்பது அதன் சாரம். பத்திரிகைகளில் இச்செய்தி சில வரிகளில் வெளிவந்து, மறுநாள் வேறு செய்திகளின் கீழ் மறைந்து போயிற்று. நமது காரியாலயத்துக்கு அடிக்கடி வருகிற நண்பர் ஒருவர் மட்டும் அதைக் கத்தரித்து எடுத்து வந்து நம் மேஜைமேல் வைத்து, “கப்பலைச் சுரண்டி வர்ணம் பூசுவதற்கா இத்தனை கோடி? வாங்கிப் பதினொரு வருஷந்தானே ஆகிறது?” என்று கேட்டார். கேள்வி நியாயமானது. பதில் சுருக்கத்தில் முடியவில்லை. அன்று அவருக்குச் சொன்னதைச் சற்று ஒழுங்கு செய்து நேயர்கள் முன் வைக்கிறோம்.

விக்ரமாதித்யா நம்மிடம் வந்தபோதே பழைய கப்பல். ‘பாகு’ என்ற பெயருடன் 1987-ல் சோவியத் கடற்படையில் சேர்ந்த கப்பல் அது. அது ஒன்று மட்டுமன்று. சுதந்திர இந்தியா முதன் முதலில் தன் கொடியை ஏற்றிய பெரிய போர்க்கப்பல்கள் யாவுமே பிறர் ஓட்டிச் சலித்தவை, அல்லது பிறர் பாதியில் கைவிட்டவை. 1948-ம் வருஷம் ஜூலை 5-ந் தேதி நம்முடையதான ‘டில்லி’ என்ற குரூஸர், அதற்கு முன் ‘அக்கிலிஸ்’ என்ற பெயரில் நியூஸிலாந்து மாலுமிகளுடன் ஓடியது. 1939 டிசம்பர் 13-ந் தேதி தென் அமெரிக்காவில் பிளேட் நதி முகத்தருகே ஜெர்மானியரின் ‘கிராப் ஸ்பீ’யுடன் பொருத மூன்று கப்பல்களில் ஒன்று அது. 1957-ல் வந்த ‘மைசூர்’, பிரிட்டிஷாரின் ‘நைஜீரியா’. ‘ராஜ்புத்’ என்று நாம் அழைத்த நாசகாரிக் கப்பல் அவர்களுடைய ‘ராதர்ஹாம்’. ஆங்கிலேயர் விட்டுச் சென்ற சட்டப் புத்தகங்களைக் கொண்டே நமது நீதிஸ்தலங்களை நடத்தத் தொடங்கினோம். அவர்கள் விற்ற கப்பல்களைக் கொண்டே கடற்காவலையும் தொடங்கினோம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1907-ல் ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடிக்குக் கொண்டுவந்த ‘காலியா’வும் ‘லாவோ’வும் இந்நாட்டில் கட்டப்பட்டவை அல்ல. கம்பெனிதான் சுதேசி, கப்பல்கள் சீமையிலிருந்து வந்தவை. நாமே கப்பல் கட்டக் கற்ற பிறகு கடலில் இறங்கலாம் என்று அவர் காத்திருந்தாரானால், இன்றைக்கு அவரை நினைக்க நமக்குக் காரணமே இராது.

ஆனால் பழையதை வாங்குவது ஒரு வித்தை. அதை அறியாமல் வாங்குகிறவனைப்போல் ஏமாளி இல்லை. நமது வக்கீல் தொழிலில், நிலம் வாங்க வந்து மூலப் பத்திரத்தையும் வில்லங்கச் சர்டிபிகேட்டையும் பாராமல் முன்பணம் கொடுத்த கட்சிக்காரர் மிகச் சிலரையே கண்டிருக்கிறோம். யந்திரத்துக்கோ எந்த ஸப்-ரிஜிஸ்திரார் ஆபீஸிலும் வில்லங்கச் சர்டிபிகேட் கிடையாது. இதை நாம் கைப்பொருள் இழந்தே கற்றோம். பத்திரிகை தொடங்கிய புதிதில், அயலூர் அச்சகம் ஒன்றிலிருந்து ஜெர்மன் தேசத்து ஆப்ஸெட் யந்திரம் ஒன்றை இரண்டாங் கையாக வாங்கினோம். புதிதின் விலையில் நாலில் ஒரு பங்குதானே என்று மகிழ்ந்தோம். விற்றவர் அதற்குப் புது வர்ணம் அடித்துக் கொடுத்திருந்தார். வர்ணத்தின் கீழ் ஒட்டுப்போட்ட விரிசல் இருந்தது என்பது மூன்றாம் மாதம் பல்சக்கரம் உடைந்தபோதுதான் தெரிந்தது. யந்திரத்தைச் செய்த கம்பெனியார் அந்த மாதிரியையே நிறுத்திப் பல வருஷமாகியிருந்தது. கடைசியில் கோயமுத்தூரில் ஒரு பட்டறைக்காரர், உடைந்த துண்டுகளைச் சேர்த்து வைத்து அளவெடுத்து, புதிதாக வார்த்துக் கடைந்து கொடுத்தார். அவர் வாங்கிய கூலி சொற்பம். பத்திரிகையை வேறிடத்தில் அச்சிட்ட ஒன்பது நாட்களின் நஷ்டந்தான் பெரிது. போர்க்கப்பலுக்கும் கதை இதுவே. ஒன்பது நாளுக்குப் பதில் ஒன்பது மாதம் என்று வைத்துக்கொள்க.

முதல் ‘விக்ராந்த்’தை எடுத்துக் கொள்வோம். ‘ஹெர்குலிஸ்’ என்ற பெயரில் 1943-ல் இங்கிலாந்தில் டைன் நதிக்கரையில் கட்டத் தொடங்கிய கப்பல் அது. 1945 செப்டம்பர் 22-ந் தேதி நீரில் இறக்கப்பட்டபோது யுத்தம் முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. பிறகு அதை முடிப்பார் இல்லை. பத்து வருஷத்துக்கு மேல் அரைகுறையாகவே கிடந்தது. 1957 ஜனவரியில் நமது சர்க்கார் வாங்கி, பெல்பாஸ்ட் நகரில் ஹார்லண்ட்-உல்ப் கம்பெனியாரிடம் ஒப்படைத்தனர். கப்பல் கிடந்த அந்தப் பத்து வருஷத்தில் ஆகாய விமானம் மாறிவிட்டது. விசிறியால் பறந்தது போய் ஜெட் வந்துவிட்டது. எனவே நேராக இருந்த தளத்தைச் சாய்கோணமாக அமைத்தார்கள். இறங்கும் விமானம் பிடி தவறினாலும் முன்னால் நிற்கும் விமானங்களின்மேல் மோதாமல் மறுபடி எழும்பிப் போகலாம். விமானத்தை உந்தி எறியும் நீராவிப் பொறியைப் பொருத்தினார்கள். 1961 மார்ச் 4-ந் தேதி ஸ்ரீமதி விஜயலக்ஷ்மி பண்டிட் அதை நமது கடற்படையில் சேர்த்து வைத்தார். இருபத்தைந்து வருஷத்துக்குப் பின் ஸீ ஹாரியர் விமானங்களுக்காக அந்த நீராவிப் பொறியை எடுத்துவிட்டு, தளத்தின் முனையை மேல்நோக்கி வளைத்துக் கட்டினார்கள். முதல் மாற்றம் பெல்பாஸ்ட்டில் அந்நியர் கையால் நடந்தது. இரண்டாவது இந்நாட்டிலேயே நம்மவர் கையால் நடந்தது. இந்த வித்தியாசத்தை நேயர்கள் மனத்தில் குறித்துக் கொள்ள வேண்டும்; பின்னால் இதற்குத் திரும்பி வருவோம்.

இனி, பழுது பார்ப்பது என்றால் என்ன? கோயிலுக்குப் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை ஜீர்ணோத்தாரணம் செய்து கும்பாபிஷேகம் நடத்துகிறோம். அசையாமல் நிற்கும் கல்லிலேயே அதற்குள் அரசங்கன்று முளைத்துவிடுகிறது. உப்பு நீரில் இரவும் பகலும் மிதக்கும் இரும்போ பன்னிரண்டு வருஷம் பொறுக்காது. கப்பலை உலர்துறைக்குள் இழுத்து, வாயிலை மூடி, நீரை இறைத்துவிட்டால், முப்பதினாயிரம் நாற்பதினாயிரம் டன் இரும்பு மரக்கட்டைகளின்மேல் உட்காருகிறது. அடிவயிற்றில் ஒட்டிய சிப்பியையும் பாசியையும் சுரண்டி, பழைய வர்ணத்தை இரும்பு தெரியும் வரை நீக்குகிறார்கள். பிறகு தகடு தகடாக, செவிக்குக் கேளாத ஒலியலையைச் செலுத்தி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அளக்கிறார்கள். மெலிந்த தகட்டை அறுத்தெடுத்துப் புதியதை வைத்துப் பற்றவைக்க வேண்டும். கப்பலின் இரும்புக்குப் பதிலாகத் தாம் கரைந்து போவதற்கென்றே துத்தநாகக் கட்டிகளை ஆங்காங்கே பதித்திருப்பார்கள். கரைந்தவற்றை மாற்ற வேண்டும். சுழல்விசிறியின் தண்டு, அது தங்கும் உருளைகள், சுக்கான், கடல்நீர் புகும் வால்வுகள் எல்லாம் கழற்றிப் பார்க்க வேண்டியவை.

வெளிப்புறம் இவ்வாறு. உட்புறந்தான் பணத்தை விழுங்குவது. நீராவிக் கப்பலின் பாய்லரில் ஆயிரக்கணக்கான குழாய்கள். நீராவியைக் குளிர்வித்து மறுபடி நீராக்கும் பாத்திரத்திலும் அப்படியே. அதில் ஒரு குழாய் கசிந்து கடல்நீர் சிறிதே கலந்தாலும் உப்பு பாய்லருக்குள் போய் அதை அரித்துவிடும். மின்சாரக் கம்பிகளின் உறை காலத்தால் உலர்ந்து வெடிக்கும். நெருப்புக்கு அதுவே தோற்றுவாய். இவையெல்லாம் சொந்தமாகக் கட்டிய கப்பலுக்கும் உண்டுதான். அந்நியர் கப்பலில் இன்னொரு தொல்லை கூடுகிறது. யுத்த காலத்துப் பிரிட்டிஷ் கப்பல்களில் ஓடியது 220 வோல்ட் நேர் மின்சாரம். ருஷியக் கப்பல்களில் 380 வோல்ட் மாறு மின்சாரம், நொடிக்கு 50 சுழற்சி. அமெரிக்கருடையவற்றில் 440 வோல்ட், 60 சுழற்சி. ஒன்றின் மோட்டார் மற்றதற்கு ஆகாது. ஆங்கிலேயனுடைய திருகாணி அங்குலக் கணக்கு, ருஷியனுடையது மில்லிமீட்டர். யந்திர விளக்கப் புத்தகம் ருஷிய மொழியில். ஒரே துறைமுகத்தில் இத்தனைக்கும் தனித்தனிக் கிடங்கு, தனித்தனிப் பயிற்சி. விற்ற தேசத்தார் தம்மிடமிருந்த அதே மாதிரிக் கப்பல்களை உடைத்துவிட்ட பிறகு உதிரிப் பாகம் செய்வோரும் இல்லாமற் போகின்றனர். அப்போது நமது தொழிலாளிதான் உடைந்த பாகத்தை முன்னே வைத்துக்கொண்டு வரைபடம் எழுத வேண்டும்.

இதன் பயன் யுத்தத்தில் தெரிந்தது. 1970 ஜூன் மாதம் பம்பாயில் விக்ராந்த்தின் பாய்லர்களைச் சோதித்தபோது நீர் உருளைகளில் விரிசல்கள் காணப்பட்டன. பற்றவைத்து மூடக்கூடிய விரிசல்கள் அல்ல அவை. மாற்று உருளைகள் இந்நாட்டில் கிடையா. பிரிட்டனுக்கு எழுதி நான்கு உருளைகள் செய்யச் சொன்னார்கள்; அவை வரும் வரையில் பாய்லரை மூட்டலாகாது என்று தலைமைக் காரியாலயம் உத்தரவிட்டது. கப்பல் ஏழு மாதம் சும்மா நின்றது. 1971 பிறந்தது, வங்காளத்தில் நடந்தவற்றை யாவரும் அறிவர். உருளை வரவில்லை, யுத்தமோ வந்துகொண்டிருந்தது.

அப்போது நமது யந்திரப் பகுதியார் செய்ததை இந்தக் கட்டுரையின் நடுநாயகமாக வைக்கிறோம். மார்ச் மாதம் முதல் தேதி, அழுத்தத்தைக் குறைத்துப் பாய்லர்களை மறுபடி மூட்டினார்கள். சதுர அங்குலத்துக்கு 400 பவுண்டுக்கு மேல் அழுத்தம் போகலாகாது, சுழல்விசிறி நிமிஷத்துக்கு 120 சுற்றுக்கு மேல் சுற்றலாகாது என்று எல்லை வகுத்தார்கள். நாலு பாய்லரில் ஒன்றை ஒதுக்கிவிட்டு, மற்ற மூன்றையும் சுற்றி எஃகுப் பட்டைகளால் கச்சை கட்டினார்கள். நீராவி கசிந்தால் உடனே தெரிவதற்காகப் பார்வைச் சாளரங்கள் வைத்தார்கள். வேகம் மணிக்கு 14 கடல்மைல்; சாதாரணமாக அக்கப்பல் ஓட வேண்டியது 24-க்கு மேல். விமானம் எழும்புவதற்குக் காற்று எதிரே வீச வேண்டும். இயற்கைக் காற்று குறைந்தால் கப்பலே ஓடிக் காற்றை உண்டாக்க வேண்டும். அந்த வேகத்தில் கப்பலைப் போருக்கு அனுப்பலாமா என்று அதிகாரிகளுக்குள் அபிப்பிராய பேதம் இருந்தது. அனுப்பியே தீருவது என்று முடிவு செய்தவர் அப்போது கடற்படைத் தலைவராயிருந்த அட்மிரல் நந்தா. கப்பல் கீழ்க்கடலுக்கு வந்தது. நமது சென்னைத் துறைமுகத்திலும் அவ்வருஷம் நின்றது. பின்னர் அந்தமான் பக்கம் மறைவாகச் சென்றது. டிசம்பர் 4-ந் தேதி அதன் தளத்திலிருந்து எழும்பிய ஸீ ஹாக் விமானங்கள் காக்ஸ் பஜாரைத் தாக்கின. தொடர்ந்து சிட்டகாங் துறைமுகத்தையும் தாக்கின. விமானிகளின் புகழ் தேசம் முழுவதும் பரவியது நியாயமே. ஆனால் விரிசல் விட்ட பாய்லருக்குப் பக்கத்தில், டெக்குகளுக்கு அடியில், சாளரத்தைப் பார்த்துக்கொண்டு இரவு பகலாக நின்றவர்களின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

அடுத்து வந்த ‘விராட்’டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ‘ஹெர்மிஸ்’ என்ற பெயரில் 1959-ல் பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்து, 1982-ல் பாக்லண்ட் யுத்தத்துக்குத் தலைமைக் கப்பலாகப் போன கப்பல். 1986-ல் வாங்கினோம், அங்கேயே டெவன்போர்ட் துறையில் புதுப்பித்து 1987 மே 12-ந் தேதி கொடியேற்றினோம். 1993-ல் யந்திர அறைக்குள் நீர் புகுந்து மாதக்கணக்கில் முடங்கியது. மறுபடி எழுந்தது. 2017 மார்ச் 6-ந் தேதிதான் ஓய்வு பெற்றது. விற்றவர்கள் இருபத்தைந்து வருஷம் ஓட்டினார்கள். வாங்கிய நாம் முப்பது வருஷம் ஓட்டினோம். இதைவிட நற்சாட்சிப் பத்திரம் பம்பாய், கொச்சித் தொழிலாளருக்கு வேறு வேண்டியதில்லை.

‘ஜலாஷ்வா’ வேறு விதம். 1971-ல் ‘டிரென்டன்’ என்ற பெயரில் அமெரிக்கப் படையில் சேர்ந்து, 2007 ஜூன் 22-ந் தேதி நம்மிடம் வந்தது. விலை சுமார் 4 கோடி 80 லட்சம் டாலர், மலிவுதான். ஆனால் கிரய சாசனத்தின் ஷரத்துக்களைப் படித்த நமது தணிக்கை அதிகாரி, தாக்குதலுக்கு அதை உபயோகிப்பதில் கட்டுப்பாடு இருப்பதையும், விற்ற சர்க்கார் வந்து பார்வையிட உரிமை வைத்துக் கொண்டிருப்பதையும் 2008-ல் எடுத்துக்காட்டினார். கிரயம் வாங்கிய வீட்டுக்குள் விற்றவன் வந்து சாமான் எண்ணிப் பார்ப்பது எந்த ஊர்க் கிரயம்? அது குத்தகை என்றே நாம் சொல்வோம். அதே வருஷம் பிப்ரவரியில் வங்காள விரிகுடாவில் அக்கப்பலில் விஷவாயு கசிந்து ஆறு பேர் உயிரிழந்தனர். மலிவு விலையைக் கணக்கிடும்போது இதையும் எந்தப் பத்தியில் எழுதுவது என்று நமக்குத் தெரியவில்லை. 2020 ஜூன் மாதம் கொள்ளை நோய்க் காலத்தில் கொழும்பிலும் மாலத்தீவிலும் தவித்த நம்மவரைத் தூத்துக்குடியில் கொண்டுவந்து இறக்கியதும் இதே கப்பல்தான் என்பதையும் நியாயத்துக்காகச் சொல்ல வேண்டும்.

இப்போது நண்பர் கேட்ட விக்ரமாதித்யாவுக்கு வருவோம். ‘பாகு’ பின்னர் ‘அட்மிரல் கோர்ஷ்கோவ்’ என்று பெயர் மாறி, 1994-ல் பாய்லர் அறை விபத்துக்கு உள்ளாகி, 1996-ல் ஒதுக்கப்பட்டது. 2004 ஜனவரி 20-ந் தேதி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. கப்பல் இனாம், புதுப்பிக்கும் செலவு 97 கோடி 40 லட்சம் டாலர், 2008-ல் கையில் வரும் என்றார்கள். இனாம் என்ற சொல்லைக் கேட்டவுடனே எழுந்து போய்விட வேண்டும் என்பது நமது தொழிலில் கற்ற பாடம். முன்புறம் வரிசையாக இருந்த ஏவுகணைக் கூடுகளை அகற்றித் தளத்தை நீட்டி, முனையை வளைத்துக் கட்ட வேண்டியிருந்தது, இது எதிர்பார்த்ததே. எதிர்பாராதது கப்பலைத் திறந்து பார்த்தபின் தெரிந்தது. 2,500 அறைகளில் 1,750 அறைகளைப் புதிதாகவே கட்ட நேர்ந்தது. 2,300 கிலோமீட்டர் கம்பி இழுக்கப்பட்டது. கன்னியாகுமரியிலிருந்து டில்லி வரை ஆகாய மார்க்கமாகவே இழுத்தாலும் மீதிவரும். எட்டுப் பாய்லர்களும் புதியவை. விலை 2010-ல் சுமார் 235 கோடி டாலருக்கு ஏறியது.

2009-ல் தணிக்கை அதிகாரி, புதிய கப்பலுக்கு ஆகும் தொகைக்கு மேல் கொடுத்து ஆயுள் குறைந்த பழைய கப்பலை வாங்குகிறோம் என்று கடுமையாக எழுதினார். அப்போதைய கடற்படைத் தலைவர் அட்மிரல் மேத்தாவோ, 200 கோடி டாலருக்குக் குறைவாக யாரேனும் தருவாரா, இப்போதே காசோலை எழுதுகிறேன் என்ற கருத்தில் பதிலளித்தார். இருவர் சொன்னதும் உண்மையே. பாதிப் பணம் கொடுத்துவிட்டவன் பேரம் பேசும் நிலையில் இல்லை. 2012 செப்டம்பரில் முழு வேகத்தில் ஓட்டிப் பார்த்தபோது எட்டில் ஏழு பாய்லர்கள் கெட்டன; தீயைத் தாங்கும் செங்கற்கள் உள்ளே பெயர்ந்தன. கல்நார் உடலுக்குக் கேடென்று நாம் மறுத்ததால் செங்கல் வைத்தோம் என்று ருஷியர் சமாதானம் சொன்னார்கள். கல்நாரை மறுத்தது முற்றிலும் சரி. அடுத்து அந்த அறையில் வேலை செய்யப் போகிறவன் நம் பிள்ளை. மாற்று ஏற்பாட்டை முன்பே சோதித்துப் பாராததற்கு யார் பொறுப்பு என்பதே கேள்வி. இன்னும் ஒரு வருஷம் கழிந்து, 2013 நவம்பர் 16-ந் தேதி கப்பல் நம் கொடியை ஏற்றியது.

இத்துடன் ஒன்றை ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். கோர்ஷ்கோவைக் கட்டிய நிக்கலாயெவ் துறையிலேயே, முடிவுபெறாமல் கிடந்தது ‘வார்யாக்’ என்ற மற்றொரு கப்பல். சூதாட்ட விடுதி அமைக்கப் போவதாகச் சொல்லி 1998-ல் ஒரு சீனக் கம்பெனி 2 கோடி டாலருக்கு அதை வாங்கியது. 2002-ல் தாலியன் துறைமுகத்துக்கு இழுத்துச் சென்றார்கள். பத்து வருஷம் தங்கள் துறையில், தங்கள் ஆட்களைக் கொண்டே கட்டி, 2012 செப்டம்பரில் ‘லியாவோனிங்’ என்று படையில் சேர்த்தார்கள். 2019-ல் சொந்தமாகவே அடுத்ததைக் கட்டிவிட்டார்கள். நாமும் ஏறக்குறைய அதே வருஷங்களைச் செலவிட்டோம். ஆனால் வேலை நடந்தது வெள்ளைக் கடலோரம், ஸெவெரோத்வின்ஸ்கில். பழைய கப்பலைப் புதுப்பிக்கக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி கல்விச் செலவு. சம்பளம் நாம் கட்ட, படித்தவர்கள் ருஷியத் தொழிலாளிகள். அன்று நம்மிடம் அவ்வளவு பெரிய வேலையை ஏற்கும் துறை இல்லை என்று சொல்லலாம். அதில் ஓரளவு நியாயமும் உண்டு. ஆனால் 2009-ல் கொச்சியில் அடித்தளமிட்டு 2022 செப்டம்பர் 2-ந் தேதி புதிய விக்ராந்த்தைப் படையில் சேர்த்த கைகள் ஒரே நாளில் முளைத்தவை அல்லவே.

ஆகையால் இனி எந்தப் பழைய கப்பலையும் வாங்குமுன், அதைத் திறந்து பார்த்த அறிக்கையையும், வரைபடங்களும் உதிரிப் பாகங்களும் எத்தனை வருஷத்துக்கு யார் தருவார் என்பதையும், கணக்குக்கு மேல் செலவு வந்தால் எவர் தலையில் விழும் என்பதையும் பார்லிமெண்டில் வைக்கும்படி சர்க்காரைக் கேட்கிறோம். படை ரகசியம் என்ற பதில் துப்பாக்கிக்குப் பொருந்தலாம், செலவுக் கணக்குக்குப் பொருந்தாது.

கொச்சி உடன்படிக்கைக்கு நமது ஆட்சேபம் இல்லை. 1,207 கோடியும் இந்நாட்டுத் துறையில் செலவாகிறது. சுமார் ஐம்பது சிறு தொழிற்சாலைகளுக்கும் 3,500 பேருக்கும் அதில் வேலை உண்டு என்று இலாகாவே சொல்லியிருக்கிறது. நண்பர் இதைக் கேட்டுச் சற்று நேரம் பேசாமலிருந்தார். அந்த ஐம்பதில் கோயமுத்தூர்ப் பட்டறை ஒன்றாவது இருக்கிறதா என்று விசாரித்துச் சொல்வதாகப் போயிருக்கிறார்.